ஜோசப் லிஸ்டர்

ஜோசப் லிஸ்டர் (ஏப்ரல் 5, 1827 – பெப்ரவரி 10, 1912) இங்கிலாந்தைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஆவார். அறுவைச் சிகிச்சைக்குப் பின் மருத்துவமனையிலேயே நோயாளிகளுக்கு ஏற்பட்ட சீழ்த் தொற்றுக்கு நுண்ணுயிர்களே காரணம் என்ற கருத்தின் அடிப்படையில், கார்பாலிக் அமிலத்தைக் கொண்டு புண்களைக் காக்கும் முறையை 1865 முதல் உருவாக்கினார். இம்முறை கிருமித்தடை அறுவை மருத்துவம் எனப்படுகிறது. இவர் நவீன அறுவை மருத்துவத்தின் தந்தை எனக் குறிப்பிடப்படுகிறார். கிளாஸ்கோ, எடின்பரோ, இலண்டன் ஆகிய நகரங்களில் பேராசிரியராகப் பணியாற்றிய இவர், 1895 முதல் 1900 வரை அரச கழகத்தின் தலைவராகவும் இருந்தார்.

இளமையும் கல்வியும்

லிஸ்டர் இலண்டனுக்குக் கிழக்கே எசெக்ஸ் மாவட்டத்தில் இருந்த அப்டன் என்னும் ஊரில், குவேக்கர் எனப்படும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த வசதியான குடும்பத்தில் பிறந்தார். தந்தை ஜோசப் ஜாக்சன் லிஸ்டர் ஒரு திராட்சை மது வணிகர். ஓய்வு நேரத்தில் ஒளியியல் ஆய்வில் ஈடுபட்ட அவர், நிறப்பிறழ்ச்சி குறைந்த நுண்ணோக்கி வில்லைகளை அமைக்கும் வழியைக் கண்டறிந்து அரச கழகத்தின் உறுப்பினரானார். இதனால் லிஸ்டருக்குச் சிறு வயதிலேயே நுண்ணோக்கியைக் கையாளும் பயிற்சி கிடைத்தது. அக்கால மருத்துவர்களுள் பலருக்கு இல்லாத இப்பயிற்சி இவருடைய பிற்கால ஆய்வுகளுக்குப் பெரிதும் உதவியது.

ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற இங்கிலாந்துத் திருச்சபையைச் சாராதவர்களுக்கு அப்போது தடை இருந்தது. எனவே லிஸ்டர், சமய வேறுபாடு பார்க்காத இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் சேர்ந்தார். 1847-ல் இளங்கலைப் பட்டமும் 1852-ல் மருத்துவப் பட்டமும் பெற்றார். அதே ஆண்டு அரச அறுவை மருத்துவர் கல்லூரியின் உறுப்பினராகத் தேர்வு செய்யப்பட்டார். 1846 திசம்பர் 21 அன்று இராபர்ட் லிஸ்டன் ஈதர் மயக்க மருந்தைப் பயன்படுத்தி இலண்டனில் செய்த அறுவைச் சிகிச்சையை மாணவரான லிஸ்டரும் பார்த்தார் என்று கூறப்படுகிறது.

மாணவப் பருவத்தின் இறுதியில் எரிக்சன் என்னும் மருத்துவரிடம் உதவியாளராக இருந்தபோது, நோயாளர் கூடத்தில் சதையழுகல் நோய் பரவியது. புண்ணைச் சுரண்டித் தூய்மை செய்து, காரமான மருந்திட்டபோது பெரும்பாலோருக்குப் புண் ஆறியதை லிஸ்டர் கவனித்தார். கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்றால், புண்ணில் மட்டும் மருந்திடுவதால் அது ஆறுவது எப்படி என்ற ஐயம் இவருக்கு எழுந்தது. புண்ணிலிருந்து எடுத்த பொருளை நுண்ணோக்கியில் வைத்தும் ஆராய்ந்தார்.

எடின்பரோவில்

1853-ல் லிஸ்டர், புகழ்பெற்ற அறுவை மருத்துவரான ஜேம்ஸ் சைமிடம் பயிற்சி பெற எடின்பரோ சென்றார். சில வாரங்களே தங்கும் எண்ணத்துடன் சென்றவர் அங்கேயே தங்கிவிட்டார். 1856-ல் சைமின் மகள் ஆக்னசை மணந்தார். குவேக்கர் பிரிவைச் சாராத பெண்ணை மணந்ததால் அப்பிரிவிலிருந்து விலகி, ஸ்காட்லாந்து எப்பிசுக்கோப்பல் திருச்சபையில் சேர்ந்தார். ஆக்னஸ் இவருடைய ஆய்வுகளில் வாழ்நாள் முழுவதும் துணை நின்றார். லிஸ்டர் சொல்லச் சொல்ல ஆய்வுக் குறிப்பேடுகள் பலவற்றை எழுதியவர் அவரே. இவர்களுக்குக் குழந்தைகள் இல்லை.

இக்காலத்தில் லிஸ்டர் தவளையின் கால் சவ்வைக் கொண்டு அழற்சியின் தொடக்க நிலைகளை ஆராய்ந்தார். குருதி உறைதலைப் பற்றியும் ஆய்வுகள் வெளியிட்டார். 1860-ல் அரச கழகத்தின் உறுப்பினரானார். அதே ஆண்டு கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவப் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். 1861-ல் கிளாஸ்கோ அரச மருத்துவமனையில் அறுவை மருத்துவராகவும் பொறுப்பேற்றார்.

அக்கால மருத்துவமனைகளின் நிலை

1846-ல் ஈதரும் 1847-ல் குளோரோபார்மும் பயன்பாட்டுக்கு வந்தபின் வலியில்லாமல் அறுவைச் சிகிச்சை செய்ய முடிந்தது. இதனால் அறுவைச் சிகிச்சைகளின் எண்ணிக்கை பெருகியது. ஆனால் சிகிச்சைக்குப் பின் வந்த தொற்று குறையவில்லை. சதையழுகல், எரிசிப்பெலசு எனப்படும் தோல் அழற்சி, குருதியில் நஞ்சேறுதல், உடலின் பல இடங்களில் சீழ்க்கட்டிகள் தோன்றுதல் ஆகியவை மருத்துவமனைகளில் நாள்தோறும் காணப்பட்டன. தோலைக் கிழித்து எலும்பு வெளியே தெரியும் திறந்த எலும்பு முறிவு ஏற்பட்டால், உயிரைக் காக்கக் கை அல்லது காலை வெட்டி எடுப்பதே வழக்கமாக இருந்தது. வெட்டிய பின்னும் பலர் தொற்றினால் இறந்தனர். தோல் கிழியாத எலும்பு முறிவோ பெரும்பாலும் சீழ் பிடிக்காமலேயே கூடியது. இவ்வேறுபாடு லிஸ்டரின் சிந்தனையைத் தூண்டியது.

எடின்பரோவைச் சேர்ந்த ஜேம்ஸ் யங் சிம்சன், வீட்டில் உறுப்பு நீக்கம் செய்யப்பட்டவர்களைவிடப் பெரிய மருத்துவமனைகளில் செய்யப்பட்டவர்களே மிகுதியாக இறந்தனர் என்பதைப் புள்ளிவிவரங்கள் கொண்டு 1869-ல் எடுத்துக்காட்டினார். பெரிய மருத்துவமனைகளை இடித்துவிட்டுச் சிறு குடில்களைக் கட்ட வேண்டும் என்ற கருத்தும் அப்போது முன்வைக்கப்பட்டது.

மருத்துவர்கள் இறப்புக்குக் காரணமாகக் கருதியது கூடத்தில் தேங்கிய கெட்ட காற்றை ஆகும். ஆகவே சன்னல்களைத் திறந்து வைத்தல் போன்றவற்றில் மட்டுமே கவனம் செலுத்தினர். அறுவை மருத்துவர்கள் சீழும் குருதியும் படிந்து இறுகிய பழைய மேலங்கியையே தொடர்ந்து அணிந்தனர். பிணவறையிலிருந்து நேராக அறுவை அறைக்கு வருவதும், ஒரே பஞ்சைக் கொண்டு பல நோயாளிகளின் புண்களைத் துடைப்பதும், கருவிகளை வெறுமனே துடைத்து வைப்பதும் இயல்பாக இருந்தன. சீழ் வடிவது புண் ஆறுவதற்கான நல்ல அறிகுறி என்று கருதியவர்களும் இருந்தனர்.

வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ் 1847-லேயே, பிணங்களை அறுத்துப் பார்த்த மாணவர்கள் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவியபின் மகப்பேற்றுக் காய்ச்சலால் ஏற்பட்ட இறப்புகள் வெகுவாகக் குறைந்ததைக் காட்டியிருந்தார். ஆனால் அவருடைய கருத்து ஏற்கப்படவில்லை. அவர் 1865-ல் இறந்தார். லிஸ்டர் தம் முறையை உருவாக்கியபோது அவருடைய பணியை அறிந்திருக்கவில்லை.

பாஸ்டரின் ஆய்வும் கார்பாலிக் அமிலமும்

1865-ல் கிளாஸ்கோவின் வேதியியல் பேராசிரியர் தாமஸ் ஆண்டர்சன், லூயி பாஸ்டர் எழுதிய நொதித்தல், அழுகுதல் பற்றிய ஆய்வுகளை லிஸ்டருக்குச் சுட்டிக்காட்டினார். அழுகுதல் தானாகவோ காற்றின் வாயுக்களாலோ நிகழ்வதில்லை என்றும், காற்றில் மிதக்கும் நுண்ணுயிர்களே அதற்குக் காரணம் என்றும் பாஸ்டர் நிறுவியிருந்தார். புண்ணில் சீழ் பிடிப்பதும் இத்தகையதே என்று லிஸ்டர் முடிவு செய்தார்.

நுண்ணுயிர்களை நீக்க வடிகட்டுதல், சூடாக்குதல், வேதிப்பொருளால் அழித்தல் ஆகிய வழிகள் இருந்தன. முதல் இரண்டையும் மனித உடலில் உள்ள புண்ணில் செய்ய இயலாது. எனவே லிஸ்டர் மூன்றாம் வழியைத் தேர்ந்தெடுத்தார். இங்கிலாந்தின் கார்லைல் நகரில் சாக்கடைக் கழிவின் நாற்றத்தைப் போக்கக் கார்பாலிக் அமிலம் பயன்பட்டதை இவர் அறிந்திருந்தார். பீனால் என்றும் அழைக்கப்படும் இப்பொருள் நிலக்கரித் தாரிலிருந்து பெறப்படுவதாகும்.

1865 ஆகஸ்ட் 12 அன்று, வண்டிச் சக்கரம் ஏறியதால் இடது காலில் திறந்த எலும்பு முறிவு ஏற்பட்ட 11 வயதுச் சிறுவன் கிளாஸ்கோ அரச மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டான். லிஸ்டர் புண்ணைக் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியால் மூடி, காலுக்கு மரப்பட்டை கட்டினார். நான்கு நாள்களுக்குப் பின் கட்டைப் பிரித்தபோது புண்ணில் சீழோ அழுகல் நாற்றமோ இல்லை. ஆறு வாரங்களில் எலும்பு கூடியது. வழக்கமான முறையில் வெட்டப்பட்டிருக்கக்கூடிய கால் காப்பாற்றப்பட்டது.

இம்முறையைத் தொடர்ந்து பயன்படுத்திய லிஸ்டர், 1867 மார்ச் முதல் சூலை வரை லான்செட் மருத்துவ இதழில் தொடர் கட்டுரையாகத் தம் முடிவுகளை வெளியிட்டார். அதில் திறந்த எலும்பு முறிவு ஏற்பட்ட 11 நோயாளிகளின் விவரங்கள் இடம்பெற்றன. அவர்களுள் ஒருவர் இறந்தார், ஒருவருக்கு உறுப்பு நீக்கம் தேவைப்பட்டது, ஏனையோர் நலமடைந்தனர். வெற்றி பெறாத நேர்வுகளையும் இவர் மறைக்காமல் வெளியிட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் டப்ளினில் நடந்த பிரித்தானிய மருத்துவச் சங்கக் கூட்டத்திலும் தம் கொள்கையை விளக்கினார். அதே ஆண்டில் மார்பகப் புற்றுநோய் கண்ட தம் சகோதரிக்கும் லிஸ்டரே அறுவைச் சிகிச்சை செய்தார். அப்புண் சீழ் பிடிக்காமல் ஆறியது.

புள்ளிவிவரங்கள்

1870-ல் லிஸ்டர் தம் பொறுப்பில் இருந்த கூடங்களில் நடந்த உறுப்பு நீக்கங்களின் விவரத்தை வெளியிட்டார். புதிய முறைக்கு முந்தைய 1864, 1866 ஆகிய ஆண்டுகளில் 35 பேருக்கு உறுப்பு நீக்கம் செய்யப்பட்டு 16 பேர் இறந்தனர். இது ஏறத்தாழ 46 விழுக்காடு ஆகும். புதிய முறை பின்பற்றப்பட்ட 1867 முதல் 1869 வரையிலான காலத்தில் 40 பேருக்குச் செய்யப்பட்டு 6 பேர் இறந்தனர். இது 15 விழுக்காடு ஆகும்.

இக்கூடங்கள் இருந்த இடமும் குறிப்பிடத்தக்கது. 1849-ல் காலராவால் இறந்தவர்களின் பிணப்பெட்டிகள் அக்கட்டடத்தை ஒட்டி, நிலமட்டத்திற்குச் சில அங்குலம் கீழே புதைக்கப்பட்டிருந்தது பின்னர் கண்டுபிடிக்கப்பட்டது. கட்டடமும் காற்றும் அவ்வாறே இருக்க, புண்ணைக் காக்கும் முறை மட்டுமே மாறியது. அதனால் இறப்பு குறைந்தது என்பது லிஸ்டரின் வாதமாகும். எனினும் இவை ஒரே மருத்துவமனையில் முன்பும் பின்பும் எடுக்கப்பட்ட சிறு எண்ணிக்கைகள் என்பதால் அக்காலத்திலேயே ஐயங்கள் எழுப்பப்பட்டன.

முறையில் செய்த மாற்றங்கள்

லிஸ்டர் தம் முறையைப் பலமுறை மாற்றியமைத்தார். செறிந்த கார்பாலிக் அமிலம் தோலைப் புண்ணாக்கியதால் நீர்த்த கரைசலைப் பயன்படுத்தினார். கைகள், கருவிகள், நோயாளியின் தோல் ஆகியவற்றையும் இக்கரைசலால் தூய்மை செய்தார். குருதிக் குழாய்களைக் கட்டப் பயன்பட்ட பட்டு நூல் உடலில் தங்கித் தொற்றுக்கு இடமளித்தது. அதற்கு மாற்றாக, கார்பாலிக் அமிலத்தில் ஊறவைத்த ஆட்டுக்குடல் நூலைக் கன்றுக்குட்டியில் சோதித்துப் பார்த்து 1869-ல் வெளியிட்டார். இந்நூலை உடல் காலப்போக்கில் உட்கிரகித்துக்கொள்ளும்.

காற்றில் உள்ள நுண்ணுயிர்களை அழிக்க, அறுவை நடக்கும் இடத்தில் கார்பாலிக் அமிலத்தை மென்துளிகளாகத் தெளிக்கும் கருவியை 1870-களின் தொடக்கத்தில் அறிமுகப்படுத்தினார். இத்தெளிப்பு மருத்துவர்களின் கைகளையும் கண்களையும் மூச்சுக் குழாயையும் உறுத்தியது. காற்றைவிடக் கைகளும் கருவிகளுமே தொற்றுக்கு முதன்மைக் காரணம் என்று பின்னர் தெளிவானதும் லிஸ்டர் இதைக் கைவிட்டார். 1890-ல் பெர்லினில் நடந்த பன்னாட்டு மருத்துவ மாநாட்டில், தெளிப்பைப் பரிந்துரைத்தது தம் தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

மீண்டும் எடின்பரோவும் இலண்டனும்

1869-ல் சைமின் இடத்தில் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் மருத்துவமனை அறுவை மருத்துவப் பேராசிரியரானார். 1871-ல் விக்டோரியா மகாராணியின் அக்குளில் ஏற்பட்ட சீழ்க்கட்டியைப் பால்மோரல் மாளிகையில் அறுத்துக் குணப்படுத்தினார். சீழ் வடிவதற்கு இரப்பர்க் குழாயை அப்போது பயன்படுத்தினார். ஏற்கெனவே ஒரு காலை இழந்திருந்த கவிஞர் வில்லியம் எர்னஸ்ட் ஹென்லி, மற்றக் காலையும் வெட்ட வேண்டும் என்று கூறப்பட்ட நிலையில் 1873-ல் லிஸ்டரிடம் வந்தார். நீண்ட சிகிச்சைக்குப் பின் அவருடைய கால் காப்பாற்றப்பட்டது.

1877-ல் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். இலண்டன் மருத்துவர்கள் பலர் இவருடைய கொள்கையை ஏற்காததால் தொடக்கத்தில் மாணவர் வருகை குறைவாக இருந்தது. அதே ஆண்டு அக்டோபரில், உடைந்த முழங்கால் சில்லைத் திறந்து வெள்ளிக் கம்பியால் இணைத்தார். தோல் கிழியாத முறிவைத் தாமே திறந்து தொற்றுக்கு வழி செய்வது அதுவரை உயிருக்கே ஆபத்தாகக் கருதப்பட்டது. நோயாளி நலமடைந்தது பலருடைய எண்ணத்தை மாற்றியது.

எதிர்ப்பும் ஏற்பும்

பாரிசில் ஜூல் லெமேர் முன்பே கார்பாலிக் அமிலத்தைப் பயன்படுத்தியிருந்தார் என்று சிம்சன் சுட்டிக்காட்டினார். தமக்குரியது அமிலம் அன்று, அதைப் பயன்படுத்தும் கொள்கையே என்பது லிஸ்டரின் விடையாக இருந்தது. லாசன் டெய்ட் போன்ற அறுவை மருத்துவர்கள், வேதிப்பொருள் இல்லாமல் தூய்மையாலேயே நல்ல முடிவுகளைப் பெற முடியும் என்று வாதிட்டனர். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் நோயை உண்டாக்கும் என்பதையே நம்பாதவர்களும் பலர் இருந்தனர். தம் கைகளே நோயாளியின் இறப்புக்குக் காரணம் என்று ஒப்புக்கொள்வது மருத்துவர்களுக்கு எளிதாக இல்லை.

செருமனியில் இம்முறை விரைவாகப் பரவியது. ஹாலே நகரில் வோல்க்மனும் மியூனிக் நகரில் நுஸ்பாமும் இதைப் பின்பற்றித் தம் மருத்துவமனைகளில் தொற்றைப் பெரிதும் குறைத்தனர். 1876-ல் லிஸ்டர் அமெரிக்காவின் பிலடெல்பியா மாநாட்டில் தம் முறையை விளக்கினார். ஆயினும் அங்கு ஏற்பு மெதுவாகவே நிகழ்ந்தது. 1881 சூலையில் சுடப்பட்ட அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்பீல்டின் காயத்தில் மருத்துவர்கள் தூய்மை செய்யப்படாத விரல்களையும் கருவிகளையும் நுழைத்துக் குண்டைத் தேடினர். அவர் செப்டம்பரில் இறந்தார். அவருடைய இறப்பில் இத்தொற்றுக்குப் பெரும் பங்கு இருந்தது எனக் கருதப்படுகிறது.

1878-ல் இராபர்ட் கோக் புண் தொற்றுகளில் பாக்டீரியாவின் பங்கை விளக்கினார். லிஸ்டரைப் பின்பற்றிய அபர்டீன் மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன், 1880-களின் தொடக்கத்தில் சீழ்க்கட்டிகளில் காணப்பட்ட ஸ்டேபிலோகாக்கசு பாக்டீரியாவை விவரித்துப் பெயரிட்டார். இதன்பின் லிஸ்டரின் கொள்கைக்கு உறுதியான அடிப்படை கிடைத்தது.

கிருமித்தடையிலிருந்து கிருமியின்மைக்கு

நுண்ணுயிர்களைப் புண்ணில் அழிப்பதைவிட அவை புண்ணை அடையாமலேயே தடுப்பது சிறந்தது என்ற கருத்து பின்னர் வளர்ந்தது. பெர்லினில் பெர்க்மனும் அவருடைய உதவியாளர் சிம்மல்புஷ்சும் நீராவியால் கருவிகளையும் கட்டுத்துணிகளையும் தூய்மையாக்கும் முறையைப் பரப்பினர். அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் இரப்பர்க் கையுறைகளையும், 1897-ல் மிக்குலிச் முகமூடியையும் அறுவை அறையில் அறிமுகப்படுத்தினர். லிஸ்டர் தாமே கையுறையோ முகமூடியோ அணிந்தவர் அல்லர். ஆயினும் இம்முறைகள் யாவும் இவர் நிறுவிய கொள்கையிலிருந்தே தோன்றியவை.

பிற்காலம்

லிஸ்டருக்கு 1883-ல் பாரனெட் பட்டமும் 1897-ல் பிரபுப் பட்டமும் வழங்கப்பட்டன. 1892 திசம்பரில் பாரிசில் நடந்த பாஸ்டரின் 70-ஆம் பிறந்தநாள் விழாவில் கலந்துகொண்டு அவருக்கு நன்றி தெரிவித்தார். 1893-ல் இத்தாலியில் பயணம் செய்தபோது ஆக்னஸ் நுரையீரல் அழற்சியால் இறந்தார். அதன்பின் லிஸ்டர் மருத்துவத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றார். 1902-ல் ஏழாம் எட்வர்டு மன்னருக்குக் குடல்வால் அழற்சி ஏற்பட்டபோது மருத்துவர்கள் இவருடைய ஆலோசனையைக் கேட்டனர். அதே ஆண்டில் தொடங்கப்பட்ட ஆர்டர் ஆப் மெரிட் விருதைப் பெற்ற முதல் 12 பேரில் இவரும் ஒருவர்.

1912 பெப்ரவரி 10 அன்று கென்ட் மாவட்டத்தின் வால்மர் என்னும் ஊரில் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தில் இறுதி வழிபாடு நடைபெற்றது. உடல் ஹாம்ஸ்டெட் கல்லறையில் ஆக்னசின் அருகில் அடக்கம் செய்யப்பட்டது.

இந்தியத் தொடர்பு

லிஸ்டர் 1891-ல் இலண்டனில் தொடங்கப்பட்ட தடுப்பு மருத்துவ நிறுவனத்தை உருவாக்கியவர்களுள் ஒருவர். அது 1903-ல் லிஸ்டர் நிறுவனம் எனப் பெயர் மாற்றப்பட்டது. இந்தியாவில் பிளேக் நோய் பல இலட்சம் பேரைப் பலிகொண்டபோது, இந்திய அமைச்சர் அலுவலகம், அரச கழகம், லிஸ்டர் நிறுவனம் ஆகியவை இணைந்து 1905-ல் ஆய்வுக்குழு ஒன்றை அமைத்தன. பம்பாயில் பணியாற்றிய இக்குழு, எலிகளிடமிருந்து மனிதருக்கு நோயைக் கொண்டு செல்வது எலித் தெள்ளுப்பூச்சியே என்பதை உறுதி செய்தது.

இன்றைய நிலை

மருத்துவமனையில் பெறப்படும் தொற்று இன்றும் முற்றிலும் நீங்கிவிடவில்லை. நீரிழிவு, உடற்பருமன், புகைபிடித்தல், ஊட்டச்சத்துக் குறைவு, முதுமை, நெடுநேர அறுவை, அவசர அறுவை, அறுவைக்கு முன் நீண்ட நாள் மருத்துவமனையில் தங்குதல் ஆகியவை அறுவைப் புண் தொற்றுக்கான வாய்ப்பை அதிகரிக்கின்றன. குடல் போன்று இயல்பாகவே பாக்டீரியா நிறைந்த உறுப்புகளில் செய்யும் அறுவைகளில் தொற்று மிகுதி. நுண்ணுயிர்க்கொல்லிகளுக்கு எதிர்ப்புத் திறன் பெற்ற பாக்டீரியாக்கள் இச்சிக்கலை மேலும் கடுமையாக்கியுள்ளன.

கைகளைத் தூய்மை செய்தல், அறுவைக்கு முன் உரிய நேரத்தில் நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தல், சவரக்கத்தியால் முடி மழிப்பதைத் தவிர்த்தல் ஆகியவை இன்று பரிந்துரைக்கப்படும் தடுப்பு முறைகளுள் சில. உலக நலவாழ்வு அமைப்பு 2008-ல் அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. புது தில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இது சோதிக்கப்பட்டது. 2009-ல் வெளியான முடிவுகளின்படி அறுவைப் புண் தொற்று 6.2 விழுக்காட்டிலிருந்து 3.4 விழுக்காடாகவும், இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகவும் குறைந்தன.

நினைவுகள்

லிஸ்டீரியா என்னும் பாக்டீரியாப் பேரினத்திற்கு இவருடைய பெயர் சூட்டப்பட்டுள்ளது. 1879-ல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட லிஸ்டரின் என்னும் கிருமிநாசினியின் பெயரும் இவரை ஒட்டியதே. அது இவர் உருவாக்கியது அன்று. இன்று அது வாய் கொப்பளிக்கும் நீர்மமாக அறியப்படுகிறது. இலண்டனில் போர்ட்லண்ட் பிளேசிலும் கிளாஸ்கோவில் கெல்வின்குரோவ் பூங்காவிலும் இவருக்குச் சிலைகள் உள்ளன.